அப்பாவின் நோட்டும் சன்னக்கண் வலையும்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பதாக ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் சொல்கிறாய், ஆனால் அதைச் சொல்வதற்கு முன் ஒரு மூச்சு இழுக்கிறாய், சரக்கில் குறையை வைத்துக்கொண்டு விலை சொல்லப் போகிறவன் இழுப்பானே அந்த மூச்சு, அதனால் உன் நலத்தை இந்த முறை எழுத்தில் கேட்கிறேன். போனில் பேசினால் உன் அப்பா பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார். பேசியதை மறுநாள் பேசவே இல்லை என்று சாதிக்கவும் உங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரியும். காகிதம் என்றால் யாருக்கும் ஓடி ஒளிய இடமில்லை.

கடை ஓடுகிறது. குளிர் விடத் தொடங்கிவிட்டதால் தோட்டம் போடுகிறவர்கள் பந்தல் வலை கேட்டு வர ஆரம்பித்துவிட்டார்கள், கயிறும் நன்றாகப் போகிறது. கடை ஷட்டர் மறுபடி பாதியில் நின்றுபோகிறது, குனிந்துதான் உள்ளே போக வேண்டியிருக்கிறது, வாடிக்கையாளர்கள் எல்லாம் எனக்கு மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்து அப்படியே விட்டுவைத்திருக்கிறேன். உன் சித்திக்கு முட்டி வலி தேவலை. வாய் வலி மட்டும் அவளுக்கு எப்போதும் வராது என்பது உனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் விஷயமே அவள் வாயிலிருந்துதான் பாதி தொடங்கியது.

ஊருக்கு வெளியே, பஸ் கடைசியாக நிற்கிற இடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னால் ஒரு நிலம் பேசி வைத்திருக்கிறேன் என்று போன வருடம் சொன்னேன் அல்லவா, எதிர்க்கடை தார்ப்பாய்க்காரருடைய நிலம். நீ திரும்பி வந்து கடையை எடுத்துக்கொள்ளும்போது இந்த ஒற்றைக் கிடங்கு போதாது, அங்கே பெரிய கிடங்கு ஒன்று கட்டி முன்னால் உனக்கு ஓர் ஆபீஸ் அறையும் போட்டுவிடலாம் என்பது என் திட்டம். அறைக்கு இரண்டு ஜன்னல் என்பது வரை மனதில் கட்டி முடித்துவிட்டேன். கோடை முடிந்த சமயம் போய்ப் பார்த்தேன், நிலம் காய்ந்து கட்டாந்தரையாகக் கிடந்தது. தார்ப்பாய்க்காரர் காலால் மண்ணைத் தட்டிக் காட்டி, "ஒரு சொட்டுத் தண்ணி நிக்காதுக்கா, உங்களுக்குன்னுதான் விட்டுக் குடுக்கிறேன்" என்றார். என்னை அக்கா என்று எவன் கூப்பிட்டாலும் நான் முதலில் கைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். இருந்தாலும் உனக்காக என்ற ஆசை கண்ணை மறைத்தது, வாய்ப்பேச்சை முடித்து, கையெழுத்தை இந்த மாதக் கடைசிக்கு வைத்துக்கொண்டோம். பேச்சு முடிந்த இடத்தில் அன்றே என் சரக்கு ஏறிவிட வேண்டும் என்பது என் வழக்கம், நடைபாதையில் நான்கு மூலைக்கும் கயிறு கட்டிவிட்டு நடுவில் உட்கார்ந்துதானே இந்தக் கடையையே பிடித்தேன். அதனால் நிலத்தைச் சுற்றிக் கம்பு நட்டு, விற்காமல் கிடந்த சன்னக்கண் வலையை ஆள் உயரத்துக்குக் கட்டச் சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தால் வலை இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிய நூல், நல்ல சரக்கு.

உன் அப்பா அன்றைக்கே சொன்னார், "அந்த வலை வேண்டாம், பச்சைத் துணி கட்டேன்" என்று. நான் கடை வைத்த இத்தனை வருடத்தில் எந்த வலை எதற்கு என்று அவர் வாய் திறந்ததில்லை. முப்பது வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்துவிட்டு வந்தவருக்குத் திடீரென்று வலையைப் பற்றி என்ன வந்தது? ஏன் என்று கேட்டேன், சும்மாதான் என்றார். சும்மா என்று ஆண்பிள்ளை சொன்னால் அதற்குள் ஒரு மூட்டை இருக்கும். அன்றைக்கு விழுந்தது முதல் சந்தேகம்.

இரண்டாவது சந்தேகம் நீ அனுப்பிய பார்சல். மேலே அப்பாவின் படிக்கிற கண்ணாடி என்று எழுதியிருந்தாய். கையில் வாங்கிய உடனே தெரிந்தது, அந்த எடைக்குக் கண்ணாடி என்றால் ஒரு பள்ளிக்கூடமே போட்டுக்கொள்ளலாம். பிரித்துப் பார்க்கவில்லை, பிரிக்காமலேயே கண்டுபிடிக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. அதன்பின் விடிவதற்கு முன்பே எழுந்திருக்க ஆரம்பித்தார் உன் அப்பா. முகச்சவரம் செய்துகொள்கிறார், ரொட்டியில் வெண்ணெய் தடவி இரண்டு பொட்டலமாகக் கட்டிக்கொள்கிறார், ஆளோ ஒருவர், பொட்டலம் ஏன் இரண்டு? எங்கே என்று கேட்டால், நிலத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன், உனக்கு ஏன் அலைச்சல், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நிலம் என்ன, இரவோடு இரவாக எழுந்து நடந்து போகிற பொருளா? ஷூவெல்லாம் சேற்றோடு வருகிறார், காய்ந்த நிலத்தில் சேறு ஏது? விரல்களில் சின்னச் சின்னக் கீறல் வேறு. எல்லாவற்றுக்கும் மேல் முகத்தில் ஒரு சிரிப்பு. பென்ஷன் வாங்கப் போன நாளில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அவர் குளிக்கப் போன நேரம் கோட்டுப் பையில் கையை விட்டேன், தப்புதான், மறைக்கவில்லை. ஒரு பழைய நோட்டு இருந்தது. மேலே தேதி, மணி. கீழே வந்தது நூற்று நாற்பது, போனது முப்பத்தைந்து, வடக்கே, என்று பக்கம் பக்கமாக. எனக்கு உடனே தலையில் ஏறியது என்ன தெரியுமா, தார்ப்பாய்க்காரருக்கு என் கிடங்கு வரத்துப்போக்கை உன் அப்பா எழுதிக் கொடுக்கிறார் என்று! கிடங்குக்குப் போய்க் கட்டுகளை எண்ணினேன், ஒத்துப்போகவில்லை, அவ்வளவு சரக்கு என் ஜென்மத்தில் என்னிடம் வந்ததில்லை. அப்படியானால் தார்ப்பாய்க்காரர் சரக்கை எனக்காக எண்ணுகிறாரோ என்று ஒரு நிமிடம் பெருமைப்பட்டேன், அதுவும் ஒத்துவரவில்லை. அந்த நேரம் பார்த்து உன் சித்தி வந்து உட்கார்ந்தாள். அவளுடைய முட்டி டாக்டர் இருப்பது அந்த பஸ் போகிற வழியில்தான். "அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாதே, மாமாவைக் கடைசி ஸ்டாப்புக்கு முன்னால பார்த்தேன். ஒரு பொம்பளையோட மடக்கு ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரே பிளாஸ்க்ல டீ குடிச்சிட்டிருக்கார்" என்றாள். போடி, அந்த மூஞ்சியை எவள் பார்ப்பாள் என்றேன். "மூஞ்சியை யாருக்கா பார்க்கறா, மாசம் பொறந்தா பென்ஷன் வருதே" என்று சொல்லிவிட்டு என் டீயையும் குடித்துவிட்டுப் போனாள்.

மறுநாள் அவர் கிளம்பினதும் அடுத்த பஸ்ஸில் நான் கிளம்பினேன். தலையில் சால்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடந்தேன். நிலத்தைப் பார்த்தேன். என் கட்டாந்தரை முழுக்கக் கணுக்கால் அளவு தண்ணீர், காலை வெளிச்சத்தில் தட்டு மாதிரி பளபளத்தது. யாரோ வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், என் புத்தி அப்படி. பிறகுதான் அந்தத் தண்ணீர் முழுக்க அசைவதைக் கண்டேன். பறவை. சேற்று நிறத்தில் நீள மூக்கை வைத்துக்கொண்டு உள்ளான்கள், வாலை ஆட்டி ஆட்டி ஓடுகிற குருவிகள், பெயர் தெரியாதவை எத்தனையோ, எல்லாம் தலை நிமிராமல் அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தன, பஸ் பத்து நிமிடம் நிற்கும் என்று சொன்ன ஓட்டலில் ஜனங்கள் சாப்பிடுவது போல. கரையோரம் என் வலைக்குப் பக்கத்தில் உன் அப்பாவும் ஒரு பெண்ணும் குனிந்து நின்றார்கள், அவள் கையில் ஒரு சின்னத் துணிப்பை. அதற்குள் எதையோ போட்டாள், அப்பா வாங்கினார். ஆகா, கையும் களவுமாகப் பிடித்தேன் என்று முள்செடி மறைவில் நின்று கவனித்தேன்.

அவள் பேசுவது நன்றாகக் கேட்டது. ஓய்வுபெற்ற நர்ஸாம், அது பிறகு தெரிந்தது, ஊசி போடுகிற மாதிரியே பேசுகிறாள். "இன்னிக்கு இது அஞ்சாவது குருவி சார். கண்ணுக்கே தெரியாத வலையைக் கட்டிட்டு, தினம் காலையில வந்து எடுத்துவிட்டா பாவம் போயிடுமா? எங்கெங்கேயிருந்தோ ராத்திரி பகலா பறந்து வர்ற உசுருங்க. ஒரு மாசமா சொல்றேன், உங்க வலையை நீங்க கழட்ட மாட்டேங்கறீங்களே!" அதற்கு உன் அப்பா, "தப்பு என்னோடதுதான் சிஸ்டர், தெரியாம கட்டிட்டேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். என் வலை. நான் பிடிவாதமாகக் கட்டிய வலை. அந்த மனிதர் ஒரு மாதமாக விடியற்காலையில் வந்து, வலை நெடுக நடந்து, சிக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, என் பங்குத் திட்டையும் வாங்கிக்கொண்டு, சேற்று ஷூவோடு வீட்டுக்கு வந்து சிரித்திருக்கிறார். எனக்கு அந்த முள்செடிக்குள்ளேயே புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

அப்போது அப்பா, "இது வர மாட்டேங்குது சிஸ்டர், இறக்கை மூணு சுத்து சுத்தியிருக்கு" என்றார். வலை என்று வந்துவிட்டால் எனக்குக் கால் நிற்காது. சால்வையை எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிப் போனேன். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும், டிக்கெட் இல்லாமல் பிடிபட்டவன் செக்கரைப் பார்க்கிற பார்வை. "தள்ளுங்க, எந்தப் பக்கமா உள்ளே போச்சோ அந்தப் பக்கமாத்தான் வெளியே வரும், நீங்க எதிர்ப்பக்கமா இழுக்கறீங்க" என்றேன். தொண்டையில் நீலம் பூசினது போல ஒரு சின்னக் குருவி, எடை என்று சொன்னால் ஒரு நூல்கண்டுகூட இருக்காது, நெஞ்சு மட்டும் தையல் மெஷின் மாதிரி அடித்துக்கொண்டது. காலை விடுவித்தேன், ஒரு இறக்கையை விடுவித்தேன், கழுத்தைச் சுற்றிய நூல் மட்டும் வரவில்லை. இடுப்பில் எப்போதும் வைத்திருக்கும் கத்தரியை எடுத்து வெட்டினேன். வாங்குகிறவன் அளவு சொல்லாமல், முழம் போட்டுப் பார்க்காமல் நான் ஒரு வலையை வெட்டியது அதுதான் முதல் தடவை. குருவி என் உள்ளங்கையில் அசையாமல் கிடந்தது, செத்துவிட்டதோ, அல்லது நடிக்கிறதோ என்று அதன் மேலும் எனக்குச் சந்தேகம். சட்டென்று எழுந்து நேராகப் பறந்து போய்விட்டது, என்னை ஒரு பார்வை பார்க்கவில்லை. இவ்வளவு செய்தும் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிறது பாருங்கள் என்று நான் சொன்னதற்கு அப்பா, "நேரா போனா நல்லாயிருக்குன்னு அர்த்தம். இங்கேயே சுத்திச் சுத்தி வந்தாத்தான் எங்கேயோ அடிபட்டிருக்குன்னு கவலைப்படணும்" என்றார்.

மூன்று பேருமாகச் சேர்ந்து அன்று காலையிலேயே வலை முழுவதையும் அவிழ்த்துச் சுருட்டினோம். வலை யாருடையது என்று நர்ஸம்மாவிடம் நானே சொன்னேன். "அப்போ ஒரு மாசமா நான் யாரைத் திட்டிட்டிருந்தேன்?" என்று கேட்டாள். "திட்டு எங்க வீட்டுக்குத்தானே வந்தது சிஸ்டர், யார் வாங்கினா என்ன" என்றார் உன் அப்பா. அப்புறம் அந்த மடக்கு ஸ்டூலில் என்னை உட்கார வைத்து டீ கொடுத்தாள், இரண்டாவது ரொட்டிப் பொட்டலம் அவளுக்குத்தான், அவள் டீ இவர் ரொட்டி, அவ்வளவுதான் உடன்படிக்கை. நீ அனுப்பிய படிக்கிற கண்ணாடியையும் அப்போதுதான் பார்த்தேன், இரட்டைக் குழல் வைத்த பைனாகுலர். அதில் உன் அப்பா எதையாவது படித்தால் அடுத்த ஊர்ச் சுவரில் ஒட்டின நோட்டீஸைத்தான் படிக்க வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் ஒரே பார்வையில் தலை எண்ணின ஆள் அல்லவா, பறவைக் கூட்டம் எழும்பும்போதே எண்ணிவிடுகிறாராம், நர்ஸம்மா மாதிரி எண்ணுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் ஊரில் இருக்கிறார்களாம், அதில் இவரை மிஞ்ச ஆளில்லையாம். இரண்டு வருடமாக இந்தப் பருவம் தவறாமல் அந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறார் (போன வருடம் நான் கடைக்குப் போன பிறகு கிளம்புவாராம்), எவ்வளவு தண்ணீர், என்றைக்கு வந்தது, என்றைக்கு வற்றியது என்பது உட்பட.

அதைக் கேட்டதும்தான் எனக்குக் கோபம் வந்தது. குளிர் விடும்போது தண்ணீர் ஊறி நிற்கிற நிலம் என்று இரண்டு வருடமாகத் தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று பஸ்ஸில் திரும்பும்போது பிடித்துக்கொண்டேன். "சொன்னா நீ வாங்காம இருப்பியா? நாலு லாரி மண்ணடிச்சு மேடாக்கிடுவே. அப்புறம் அதுங்க எங்கே இறங்கும்?" என்றார். நியாயம்தான், மேடாக்கியிருப்பேன். என் நஷ்டத்தைப் பற்றி அந்த மனிதருக்குக் கவலையே இல்லை, உள்ளானைப் பற்றித்தான். இருந்தாலும் இன்னும் ஏதோ பாக்கி இருப்பதாக எனக்குப் பட்டது, ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். ஏங்க, அந்த நிலம் வேண்டாம் என்றால் பையன் வரும்போது கிடங்கு எங்கே கட்டுவது, அதையாவது சொல்லுங்கள் என்றேன். இரண்டு ஸ்டாப் போயிற்று. அப்புறம் கண்டக்டர் குரலில், இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டது என்று பயணியிடம் சொல்வதைப் போல மெதுவாகச் சொன்னார், "அவன் கடைக்கு வரமாட்டான்மா. போன வருஷமே என்கிட்ட சொல்லிட்டான். உன்கிட்ட சொல்றதுக்குத்தான் எங்க ரெண்டு பேருக்கும் தைரியம் வரலை."

தம்பி, நான் அழவில்லை. அப்பா ஏதாவது சொல்லியிருந்தால் நம்பாதே, பஸ் ஜன்னல் திறந்திருந்தது, காற்று. எனக்கு உன் மேல் சந்தேகம் புதிதில்லை. ஆறு வருடத்துக்கு முன் ரயில் நிலையத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாயே, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீ கடைசி வரை திரும்பிப் பார்க்கவில்லை. இவனுக்கு நம் மேல் என்னவோ மனத்தாங்கல், இல்லாவிட்டால் பெற்றவளை ஒரு தடவை பார்க்காமல் போவானா என்று அன்று தொடங்கி உன் ஒவ்வொரு வார்த்தையையும் உரசிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை, இப்போது எழுதிவிட்டேன்.

தார்ப்பாய்க்காரர் கதையையும் முடித்துவிடுகிறேன். மறுநாளே எதிர்க்கடைக்குப் போய் நிலம் வேண்டாம் என்றேன். "அக்கா, வேற பார்ட்டி ரெடியா இருக்கு, அப்புறம் வருத்தப்படக்கூடாது" என்றார். நான் வருத்தப்படவில்லை, வேலை பார்த்தேன். அப்பாவின் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைத்தெருவில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் அந்த நிலத்தில் எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று படித்துக் காட்டினேன். ஒரு வார்த்தை பொய் இல்லை, நிஜத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். இப்போது அந்த நிலத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. தார்ப்பாய்க்காரர் என்னை அக்கா என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டார், அதுவே எனக்கு நிம்மதி. என்றாலும் யாருக்காவது விற்றுவிடுவாரோ என்று ஒரு கண் வைத்திருக்கிறேன், அதற்கு மட்டும் அப்பா எனக்கு பைனாகுலரை இரவல் தருகிறார்.

உனக்கு நான் சொல்வது ஒன்றுதான். கடைக்கு வரமாட்டாய் என்றால் வரமாட்டேன் என்று உன் கையால் எனக்கு எழுது. அப்பா வழியாகச் சொல்லி அனுப்பாதே, மூச்சு இழுக்காதே, வரலாம் பார்க்கலாம் என்று மழுப்பாதே. உனக்குப் பதில் யாரைக் கடைக்குப் பழக்குவது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், வெறுங்கயிற்றோடு உட்கார்ந்து தொடங்கினவளுக்கு அது ஒரு வேலையா? ஆனால் அடுத்த வருடம் இதே பருவத்தில், குளிர் விடுகிற நேரத்தில், வந்து போ. அந்தப் பறவைகள் தங்குவதற்கு வருவதில்லையாம், போகிற வழியில் இறங்கி, இருபது நாள் வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கிளம்பிவிடுமாம், அப்படி இறங்க ஓர் இடம் இல்லாவிட்டால் மிச்ச தூரம் போய்ச் சேராதாம். இது நிஜமாகவே நர்ஸம்மா சொன்னதா, இல்லை நீயும் அப்பாவும் சேர்ந்து அவளைச் சொல்ல வைத்தீர்களா என்று எனக்கு இன்னும் சந்தேகமாகத்தான் இருக்கிறது. எப்படியோ, இருபது நாள். அதற்கு மேல் ஒரு நாள் இரு என்று நான் கேட்கமாட்டேன்.

கிளம்புகிற அன்று ரயில் நிலையத்துக்கு நான் வருவேன். நீ திரும்பிப் பார்க்காமல் நேராகப் போ. நான் நல்லபடியாக எடுத்துக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வெளியே போகாதே, புதிதாகச் சிரித்துப் பேசுகிறவன் யாரையும் முதல் நாளே நம்பாதே. நீ எங்கே இருந்தாலும் உன் கை எடுத்த காரியம் விளங்க வேண்டும், நோய்நொடி அண்டாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன். பதில் எழுத மறக்காதே. உறையின் மேல் கடை விலாசம் போடு, வீட்டு விலாசம் போட்டால் உன் அப்பா கையில்தான் முதலில் கிடைக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா

பின்குறிப்பு: நேற்று எழுதி மேஜையில் வைத்த கடிதம் இன்று காலை வேறு மாதிரி மடித்திருக்கிறது. படித்திருக்கிறார். ஓரத்தில் பென்சிலால் "உள்ளான் 212" என்று எழுதியிருப்பது அவர் வேலைதான், நான் அழிக்கவில்லை.